இருபதாம் நம்பர் கம்பியில் உப்பில்லை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆடி பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம். கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற பகுதியில், எங்கள் ஊருக்குப் போகும் ரோட்டில் நடந்தது இது. அன்றைக்கு நடுரோட்டில் நின்று நான் மண்ணைத் தின்றேன். இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் ஊரில், "மண்ணு திங்கிறவ வாரா பாரு" என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வராது, பெருமையாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் பிசிக்ஸில் தோற்றவள் நான். அதிலும் அந்தக் கரண்ட் பாடம் எனக்குச் சுத்தமாக ஆகவே ஆகாது. திரும்ப எழுதலாம் என்று இருந்தபோதே கல்யாணம் ஆகிவிட்டது. அப்புறம் மிளகுக்கொடி, குச்சிக்கிழங்கு, நூறு நாள் வேலை என்று காலம் ஓடிவிட்டது. வாய் மட்டும் குறையவில்லை. "உன்ற வாய்க்கு ஒரு பூட்டு வாங்கோணும்" என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாளே கிடையாது.

எங்கள் ஊருக்கு வரும் வழியில், இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓர் ஓடைப் பள்ளம் உண்டு. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, அதன்மேல் தார் ரோடு போட்டிருக்கிறார்கள். ஓடைத் தண்ணீர் போவதற்கு அடியில் பெரிய சிமெண்ட் குழாய். அந்த இடத்துக்கு எங்கள் ஊரில் கொட்டுமேடு என்று பெயர். பஸ், கிழங்கு லோடு ஏற்றிய லாரி, காலேஜ் போகும் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகும் பெண்கள் என்று எல்லாரும் அந்த மண்மேட்டின் மேல்தான் போய்வர வேண்டும். வேறு வழி சுற்று வழி.

அந்த வருடம் தை மாதம் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் ஜீப்பில் மெஷினோடு வந்தார். மலை ரோடுகளில் மண் கொட்டி உயர்த்திய இடங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று மாதாமாதம் சோதிக்கிற வேலை. தோண்டாமலே உள்ளே பார்ப்பார்களாம். கூட வேலை செய்ய உள்ளூர் ஆள் வேண்டும் என்றதும் நான் போய் நின்றேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர். என்னை அக்கா என்பார், நான் சார் என்பேன்.

வேலை சுலபம்தான். ரோட்டோரமாக ஒரே வரிசையில் நாற்பது கம்பிகளைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். போன மாதம் அடித்த அதே இடத்தில்தான் இந்த மாதமும் அடிக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் ஒரு கல் நட்டு மஞ்சள் பெயிண்டில் எண் போட்டிருந்தோம். கம்பி மண்ணோடு நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பியடியில் கேனிலிருந்து ஒரு குவளை உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் ஒயரை மாட்டிவிட்டு எல்லாரும் தள்ளி நிற்க வேண்டும். மெஷின் மண்ணுக்குள் கரண்டை விடும். ஈர மண்ணில் கரண்ட் சுலபமாகப் போகும், காய்ந்த மண்ணில் திணறும். எங்கே எவ்வளவு திணறுகிறது என்று பார்த்து, ரோட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணை லேப்டாப்பில் படமாகக் காட்டிவிடும். காய்ந்த இடம் சிவப்பு, ஈரமான இடம் நீலம், இரண்டுக்கும் நடுவே மஞ்சளும் பச்சையும்.

முதல் நாள் அந்தப் படத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். இதை இப்படிக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் எதற்குப் பெயிலாகப் போகிறேன்?

இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. பங்குனியில்தான் வம்பு வந்தது. கொட்டுமேட்டின் கீழ்ப்பக்கமும், முப்பதாம் நம்பர் கல்லுக்கு அப்புறம் ரோட்டோரமும் என் நங்கையாவின் கிழங்குக் காடு. நங்கையா என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. நான் அங்கே தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, கேனில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆடித் தீர்த்துவிட்டார்.

"ஏ அம்மிணி, எங்காட்டு ஓரத்துல உப்பயா ஊத்துற? அடுத்தவ நாசமாப் போகோணும்னு நெனைக்கறவதான் காட்டுல உப்ப வீசுவா! உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?"

எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஒருத்தர் காட்டில் இன்னொருத்தர் உப்பைப் போட்டால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பத்துக் கம்பிகளுக்கும் ஓடையிலிருந்து வெறும் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டேன். "எல்லாத்துக்கும் உப்புத் தண்ணி ஊத்தியாச்சாக்கா?" என்று சார் தூரத்திலிருந்து கேட்டார். "ஊத்திட்டேனுங்க சார்" என்று கூசாமல் சொன்னேன்.

படம் அந்தப் பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாக வந்தது. சார் ஒயரைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மெஷினைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கேனைத் தூக்கினார். காலியாகியிருக்க வேண்டிய கேன் கனத்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"அக்கா, போன மாசத்தையும் இந்த மாசத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கறதுதான் இந்த வேலையே. நீங்க ஒண்ணு செஞ்சுட்டு வேற சொன்னா, மெஷினும் வேற ஏதோ சொல்லும். அதை நம்பித்தான் பஸ் போகும்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது. நங்கையா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் நேரே நங்கையாவிடம் போய், "இனிமே உங்க காட்டுப் பக்கம் வெறும் தண்ணிதாங்கம்மா. எல்லா மாசமும் வெறும் தண்ணியே" என்று சொல்லிவிட்டு, அதை நோட்டிலும் எழுதிக்கொண்டார். நங்கையா குளிர்ந்துபோய், போகும்போது அவருக்கு ஒரு பை கிழங்கு கொடுத்து அனுப்பினார். ஆனால் சார் என்னை முன்போல நம்பவில்லை. ஒவ்வொரு மாதமும் ஊற்றி முடித்ததும் கேனைத் தூக்கிப் பார்ப்பார். அவர் தூக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

இப்போது ஆடிக்கு வருகிறேன்.

அந்த வருடம் ஆடியில் காற்றுதான், மழை ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அன்றைக்குக் கீழிருந்து வேனும் காரும் மலைக்கு வந்துகொண்டே இருக்கும், கோயில் விழாக் கூட்டம் அப்படி. அதனால் சோதனை நடக்கிற நாள் சாயங்காலமே சார் ரோட்டு அதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

காலையில் கம்பி அடிக்க ஆரம்பித்தேன். தரை இறுகிக் கிடந்தது, ஒவ்வொரு கம்பிக்கும் ஏழெட்டு அடி அடிக்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் கல்லுக்கு வந்தேன். இரண்டே அடியில் இறங்கிவிட்டது. இருபதாவது, கையால் அழுத்தினாலே வெந்த கிழங்கில் குச்சி இறங்குகிற மாதிரி இறங்கியது. இருபத்தொன்று, இருபத்திரண்டும் அப்படியே. அதற்கப்புறம் திரும்பவும் கல்லுத் தரை.

குவளையை எடுத்தேன். கம்பியடியைப் பார்த்தால், ஒரு விரல் ஆழ மேல்மண்ணுக்குக் கீழே ஏற்கெனவே நசநசவென்று இருந்தது. ஈரத்தில் எதற்கு இன்னும் ஈரம், கேனிலும் தண்ணீர் குறைவாக இருக்கிறது என்று நினைத்து, அந்த நாலு கம்பிக்கும் ஊற்றாமலே தாண்டிப் போய்விட்டேன். சாரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்தடுத்த கம்பியில் மறந்து தொலைத்துவிட்டேன்.

மெஷின் ஓடி முடித்தது. லேப்டாப்பைப் பார்த்த சாரின் முகம் மாறியது. கொட்டுமேட்டின் நடுவயிற்றில், முன்பெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருந்த இடத்தில், பெரிய நீலத் திட்டு. சரியாகப் பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை.

"அக்கா, இங்க கேன் சாஞ்சுதா? உப்புத் தண்ணியக் கொட்டிட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

"பின்ன எப்படி? மழையே இல்லையே. உள்ள ஈரம் எங்கிருந்து வரும்? நீங்க நிறைய ஊத்திட்டீங்க, அதான். சரி விடுங்க, இந்த நாலு கம்பியையும் கணக்குல இருந்து எடுத்துடறேன். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

அடுத்த மாதமா? என் மகள் அப்போது கீழே நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் முதல் பஸ்ஸில் அந்தக் கொட்டுமேட்டைத் தாண்டிப் போய், சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருகிறவள். கம்பி இறங்கிய விதம் என் கையில் அப்படியே இருந்தது.

"சார், நான் நெறையவும் ஊத்தல, கொறையவும் ஊத்தல. அந்த நாலு கம்பிக்குத் தண்ணியே ஊத்தலீங்க. மண்ணு ஏற்கெனவே ஈரமா இருந்துச்சு, அதனால உட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்லாதது என்ற தப்புத்தானுங்க."

அவர் சலிப்பாகச் சிரித்தார். "பங்குனியில ஊத்தினேன்னு சொன்னீங்க, ஊத்தல. இப்ப ஊத்தலங்கறீங்க. நான் எதைக்கா நம்பறது?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? நானே என் வாயைக் கெடுத்து வைத்திருக்கிறேன். அவர் லேப்டாப்பில் அந்த நாலு கம்பியை அழிப்பதற்குக் கை வைத்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ! நங்கையா கேனில் விரலை விட்டு நக்கியது திடீரென்று ஞாபகம் வந்தது. ஓடிப்போய் இருபதாம் நம்பர் கம்பியைப் பிடுங்கினேன். அதன் அடியில் ஒட்டியிருந்த ஈர மண்ணை வழித்து வாயில் போட்டேன்.

"அக்கா! என்ன பண்றீங்க, துப்புங்க!" என்று சார் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

நான் துப்பவில்லை. நிதானமாக நாக்கில் புரட்டிப் பார்த்தேன். வெறும் மண் ருசிதான். அப்புறம் போய்ப் பன்னிரண்டாம் நம்பர் கம்பியைப் பிடுங்கி, அந்த மண்ணையும் வாயில் போட்டேன். கரித்தது. துப்பிவிட்டு இரண்டு கம்பிகளையும் சார் முன்னால் நீட்டினேன்.

"என்னய நம்ப வேண்டாமுங்க சார். நாக்குல வெச்சுப் பாருங்க. இது நான் ஊத்துன மண்ணு, உப்புக் கரிக்குது. இது ஊத்தாத மண்ணு, உப்பே இல்ல, போன மாசம் ஊத்துனதுகூடக் கரைஞ்சு போச்சு. அப்பறம் இதுல இருக்கற தண்ணி யாரு ஊத்துனது?"

அவர் என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், டவுனில் வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டை ஒரு நக்கு நக்கினார், முகம் சுளித்தார். இருபதை நக்கினார். முகம் சுளிக்கவில்லை. இன்னொரு முறை நக்கிப் பார்த்தார். அப்புறம் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, ரோட்டின் மேல்பக்கப் பள்ளத்துக்கு ஓடினார். நானும் கொடுவாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அங்கே ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர். வெட்டி விலக்கினால், உள்ளே குளம் மாதிரி தண்ணீர் நிற்கிறது! கோடை மழையில் மேல்காட்டு மண் அடித்து வந்து குழாயின் வாயை அடைத்துவிட்டிருக்கிறது. மேலே பாறையிடுக்கில் ஓர் ஊற்று உண்டு, அது வற்றாது. அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, மாதக்கணக்கில் கொட்டுமேட்டு மண்ணுக்குள் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே தார் ரோடு காய்ந்து பளபளவென்று கிடக்க, வயிறு முழுக்கச் சேறு. கீழ்ப்பக்கச் சரிவில் புல்லை விலக்கிப் பார்த்தால், என் கை நுழைகிற அகலத்தில் நீளமான வெடிப்பு.

சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆனி மாசப் படத்துலயே லேசாப் பச்சை தெரிஞ்சுதுக்கா. நான்தான் கவனிக்கல" என்றார். அப்புறம் சட்டென்று எழுந்து, எல்லாக் கம்பிகளையும் அரை அடி தள்ளி அடிக்கச் சொன்னார். உப்பே வேண்டாம், எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீர். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து அடித்தேன். திரும்பவும் மெஷின் ஓடியது. திரும்பவும் அதே இடத்தில் நீலம்.

அவர் அதிகாரிக்குப் போன் போட்டார். மழையில்லாத ஆடியில் ரோடு எப்படி ஊறும் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார் போல. "சார், மண்ணு ஈரமா இருக்கு, ஆனா அதுல உப்பு இல்ல சார்!" என்று இவர் கத்தினார். அதிகாரிக்கு என்ன புரிந்ததோ தெரியாது. காலையில் ஆளோடு வருகிறேன், அதுவரை பஸ்ஸை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

விடாதீர்கள் என்றால் யார் நிறுத்துவது? சாயங்கால பஸ் வரும் நேரம். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, எனக்குப் பத்தடி முன்னால் நின்றது.

"ஏனுங்க, காலைலகூட இதே ரோட்டுலதானுங்க போனேன். இப்ப என்ன வந்துச்சு?" என்று டிரைவர் எகிறினார்.

"காலைல போனது உங்க அதிர்ஷ்டமுங்க. வந்து பாருங்க" என்று அவரைக் கூட்டிப் போய் வெடிப்பைக் காட்டினேன். மனிதர் திரும்பி வந்து, பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தார்.

உள்ளே இருந்தவர்கள் முனகிக்கொண்டே இறங்கி, மேல்பக்க ஓரமாக நடந்தார்கள். அதில் என் மகளும் இருந்தாள். சேறு படிந்த சேலையும், மண் ஒட்டிய வாயும், கையில் சிவப்புத் துண்டுமாக நின்ற என்னைப் பார்த்து, "அம்மா, என்னம்மா இது கோலம்? மானமே போகுது" என்று பல்லைக் கடித்தாள்.

"போனாப் போகுது, நீ ஓரமா நட கண்ணு" என்றேன். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேருகிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு பக்கமும் டிரம் வைத்து அடைத்தார்கள். ஆடிப் பதினெட்டுக்கு வரும் வண்டிகளைச் சுற்று வழியில் விட ஏற்பாடு செய்தார்கள். "ஒரு கம்பியை நக்கிப் பார்த்துட்டு ரோட்டையே மூடிட்டாங்களே" என்று ஊரில் எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். கிழங்கு லோடு ஏற்ற முடியாதவர்கள் என் வீட்டு வாசலுக்கே வந்து கத்தினார்கள். ஏழெட்டு நாள் நானும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். என் வீட்டுக்காரருக்கே ஆச்சரியம்.

ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் இடியோடு ஒரு மழை. ஒரு மணி நேரம்கூடப் பெய்யவில்லை. காட்டிலிருந்து நங்கையா கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடிவந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது, ரோட்டின் கீழ்ப்பக்கப் பாதி இல்லை. தாரோடு சேர்ந்து மண் அப்படியே பள்ளத்தில் சரிந்து கிடந்தது. பதினெட்டாம் நம்பர் கல் நின்றுகொண்டிருந்தது. இருபத்து மூன்றும் நின்றுகொண்டிருந்தது. நடுவில் இருந்த நாலு கல்லும் கீழே நங்கையாவின் கிழங்குக் காட்டில் கிடந்தன.

ஒரு உயிர்ச் சேதம் இல்லை, ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளும் கெழமையுமா எத்தன சனம் வந்திருக்கும்! நீ நல்லாயிருப்ப சாமி" என்று அழுதார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் காட்டில் விழுந்த இருபதாம் நம்பர் கல்லில்தான் இப்போது அவர் துணி துவைக்கிறார். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தும் அந்த மஞ்சள் பெயிண்ட் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இப்போது அங்கே கல் கட்டி, பெரிய குழாய் போட்டு, ரோடு உறுதியாக இருக்கிறது. மாதாமாதம் சோதனை நடக்கிறது, கம்பி அடிப்பது நான்தான். சரிவு நடந்த மறுமாதம் சார் ஒரு புது நோட்டோடு வந்தார். கம்பி எண், மெஷின் சொன்னது என்று அவர் எப்போதும் போடும் கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம். தலைப்பில் "அக்கா சொன்னது" என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு கம்பியும் எப்படி இறங்கியது, மண் எப்படி இருந்தது, தண்ணீர் ஊற்றினேனா இல்லையா என்று அதில் என் கையெழுத்தில் நானே எழுத வேண்டும். அன்றிலிருந்து அவர் கேனைத் தூக்கிப் பார்ப்பதும் இல்லை.

அந்த நோட்டை ஒருநாள் மகளிடம் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிசிக்ஸ்ல பெயிலானவங்க எழுதின பிசிக்ஸ் நோட்டு" என்று சிரித்தாள். அவள் இப்போது நர்ஸ். விடுமுறைக்கு வரும்போது பஸ் கொட்டுமேட்டைத் தாண்டியதும் எனக்குப் போன் போட்டு, "தாண்டிட்டேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

அந்தப் போன் வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்: பங்குனியில் பொய் சொன்னதும் இந்த நாக்குத்தான், ஆடியில் ஒரு பஸ் நிறைய சனத்தைக் காப்பாற்றியதும் இதே நாக்குத்தான், அதனால் ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதும் முன்பு, அந்த உப்பில்லாத மண்ணை மனசுக்குள்ளேயே இன்னொரு தடவை ருசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.